எத்தனை நாள் இருப்பீர்கள்?

சென்னையில் ஒரு நடைபாதை. என் கையில் இரண்டு செல்போன்கள்; தோளில் அத்தையின் கைப்பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், ஜெபமாலை, தலைவலித் தைலம், வழியில் சாப்பிட வாங்கிச் சாப்பிடாமல் விட்ட வாழைப்பழங்கள். விசா அலுவலகத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, பையும் கூடாது. ஆகவே உள்ளே போகிறவர்களின் பொருள்களை வைத்துக்கொண்டு வெளியே நிற்க ஒருவர் வேண்டும். அப்போதுதான் பொறியியல் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் அந்த ஒருவராகப் போயிருந்தேன். என்னைப்போல நிறையப் பேர் அந்த நடைபாதையில் நின்றார்கள். சிறிது நேரம் பார்த்ததிலேயே அந்த இடத்தின் விதி பிடிபட்டுவிட்டது. விசா கிடைத்தவர்களின் பாஸ்போர்ட்டை உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், முத்திரை குத்திப் பிறகு அனுப்புவதற்காக. கிடைக்காதவர்களுக்குக் கையோடு திருப்பித் தந்துவிடுவார்கள். எனவே வெறுங்கையோடு வெளியே வந்தவர்கள் தூரத்திலிருந்தே சிரித்தார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் எங்களில் யாருடைய முகத்தையும் பார்க்காமல், சாலையைக் கடக்கப்போகிறவர்களைப் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அத்தை வெறுங்கையோடு வந்தார். அவருக்குப் பின்னால் மாமா, பாஸ்போர்ட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாமா எனக்கு இரத்த உறவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தவர். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அவர்கள் குறிஞ்சிப்பாடி அருகிலுள்ள ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை, அவர்களுடைய ஒரே மகள் அக்கா. எனக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியது அக்கா. பத்தாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்தது அக்கா. பொறியியல் படி என்று அம்மாவிடம் எனக்காக வாதாடியதும் அக்காதான். அக்கா கணினிப் படிப்பு முடித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகிக் கணவரோடு ஒரு பணக்கார நாட்டுக்குப் போய்விட்டார். அந்த நாட்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. மாமாவும் அதன் பெயரைச் சொன்னதில்லை. ‘பொண்ணு ஊரு’ என்றுதான் சொல்வார். அக்காவுக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த விசா.

அலுவலகத்துக்குப் பின் தெருவில் இருந்த ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். மாமா இட்லியைத் தொடவில்லை. அத்தையால் சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை, எனவே கோபப்பட்டார்.

“உள்ள இன்னாத்த சொல்லித் தொலைச்சீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“இன்னா கேட்டாங்க?”

“எத்தினி நாள் இருப்பீங்கன்னு கேட்டாங்க. எம் பொண்ணுக்கு எத்தினி நாள் வேணுமோ அத்தினி நாள் இருப்பேன்னேன். வேலை இருக்கான்னாங்க. ரிட்டையர் ஆயிட்டேன், இப்ப ஃப்ரீதான்னேன். சொந்த வூடு இருக்கான்னாங்க. இல்ல, குவார்ட்டர்ஸ்தான், அதையும் காலி பண்ணணும்னேன். எல்லாத்துக்கும் ‘சார்’ போட்டுத்தான் சொன்னேன்.”

“ஐயோ ஆண்டவரே! பொண்ணு வூட்டுலயே தங்கிடுவேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!”

“தங்கிடுவேன்னு யாரு சொன்னது? அவளுக்கு வேணுங்கிற வரைக்கும்னுதானே சொன்னேன். நீ இன்னா சொன்ன?”

கூட்டம் அதிகம் என்று இருவரையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். அத்தை என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “என் ஜன்னல்ல இருந்த ஆபீசர் பொண்ணு என்கிட்டயும் அதான் கேட்டுச்சு. நான் சொன்னேன், தோ நிக்கிறாரே, இவரு இட்லி இல்லாம ஒரு மாசம் தாங்க மாட்டாரும்மா, என்னையும் இழுத்துகினு ஊருக்கு ஓடியாந்துடுவாருன்னு. அது சிரிச்சிச்சு. சரின்னு வாங்கி வச்சிகிச்சு.”

மாமாவைச் சாட்சியாகக் காட்டி அத்தைக்கு அனுமதி கிடைத்திருந்தது. சாட்சிக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றிப் பிறகு நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் வந்த விருந்தாளியிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் எப்போது கிளம்புவீர்கள் என்று அர்த்தம். விருந்தாளியும் இந்தத் தேதியில் கிளம்புகிறேன் என்று வந்த உடனே சொல்வதில்லை. சொன்னால் கடமைக்கு வந்தவர் என்று அர்த்தம். பிரசவத்துக்குப் போகிற பெற்றோர் நாள் குறித்துக்கொண்டா போவார்கள்? மாமா தனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் மரியாதையான, மிகவும் அன்பான பதிலைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரையும் குற்றம் சொல்ல முடியாது. வருகிறவர் எல்லோரும் தங்கத்தான் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கச் சொல்வது அவருடைய வேலை. ஒரே வாக்கியம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பாசமாகவும் அந்தப் பக்கம் ஆபத்தாகவும் கேட்டிருக்கிறது.

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். திரும்பி வரும் பஸ்ஸில், மாமா ஊருக்குத் திரும்பிவர என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். ஆள் வராத நாளில் கோயில் மணியடிக்கப் போவார். ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில் பழைய ஆட்களோடு டீ குடிப்பார். குறிஞ்சிப்பாடிக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய பெற்றோர் இருக்கிறார்கள். நவம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகாமல் இருந்ததே இல்லை. குவார்ட்டர்ஸ் கொல்லையில் அவர் வைத்த கொய்யா, பலா, நாரத்தை. எங்கள் வீட்டில் டியூப்லைட் போனால் அப்பா கூப்பிடுவது அவரை. எல்லாம் உண்மை. எதற்கும் அத்தாட்சி கிடையாது. டவுன்ஷிப் வாழ்க்கை அப்படி. பிள்ளைகளைக் கம்பெனி ஆஸ்பத்திரியில் பெற்று, கம்பெனிப் பள்ளியில் படிக்கவைத்து, கம்பெனிக் கூரைக்குக் கீழே முப்பத்தைந்து வருடம் வாழ்ந்துவிட்டு, ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாமா நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சத யந்திரத்தை ஓட்டியவர். ஒரு மலையளவு மண்ணைப் புரட்டியிருப்பார். ஒரு பிடி மண் அவர் பேரில் கிடையாது. கிராமத்திலிருந்த பங்கை எப்போதோ தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்திருந்தார், நமக்குத்தான் வேலை இருக்கிறதே என்று.

பஸ் பண்ருட்டியைத் தாண்டும்போது மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“அந்த வெள்ளைக்காரன் நம்ம வூட்ல எத்தினி மாசம் சாப்ட்டான்?”

அத்தை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “யாரு கணக்கு வச்சிகினா? கிறிஸ்மஸுக்கு வந்தான். மழையில வேலை நின்னுபோச்சு, பொங்கல் சாப்ட்டான். சாமான் கப்பல்ல வருதுன்னான், ஈஸ்டரும் சாப்ட்டான். போறப்ப எங்கம்மா மாதிரி நீங்கன்னு சொல்லி அழுதான். எனக்கு அப்ப இருவத்தி மூணு வயசு. அவனுக்கு நாப்பது இருக்கும்.”

மாமா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. அந்த மனிதர், மாமா ஓட்டிய யந்திரத்தைச் செய்த நாட்டிலிருந்து அதைப் பழுதுபார்க்க வந்தவர். வந்த வேலை சில வாரம். இருந்தது பல மாதம். அவரிடம் மாமாவோ, அத்தையோ, தெருவில் எவருமோ எப்போது போவீர்கள் என்று கேட்டதில்லை. போகிற அன்றுகூட இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொன்னார்களாம். அவர்கள் நாட்டு யந்திரம் இங்கே வருவதற்கும், யந்திரத்தோடு ஆள் வருவதற்கும், எங்கள் ஊர்ப் பெண்கள் படித்து முடித்ததும் அங்கே வேலைக்குப் போவதற்கும் வழி இருக்கிறது. பெண்ணைப் பார்க்க அப்பா போவதற்குத்தான் வழி குறுகிவிடுகிறது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று பாடப்புத்தகத்தில் வருமானத்தை வைத்துப் பிரித்திருந்தார்கள். அன்று முதல் எனக்கு அந்தப் பிரிவினை வேறு மாதிரித் தெரிகிறது. எப்போது கிளம்புவாய் என்ற கேள்வியைக் கேட்கிறவர்கள் ஒரு பக்கம். அதற்குச் சரியான பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறவர்கள் மறுபக்கம். இப்போது நான் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து கருத்தரங்குக்கு வருகிறவர்கள், தங்கள் நாட்டில் தேவையான அளவுக்குக் கரியை எரித்து முடித்துவிட்டவர்கள், எங்களிடம் மிகவும் மரியாதையாக, நீங்கள் எப்போது நிறுத்தப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்கும் குரல் எனக்கு எங்கோ கேட்ட குரல் போலிருக்கிறது.

தனியாகக் கடலூர் பஸ்கூட ஏறாத அத்தை தனியாக விமானம் ஏறினார். முத்தாண்டிக்குப்பத்து முந்திரிப் பருப்பையும், குழந்தைக்குக் குறிஞ்சிப்பாடிக் கைத்தறித் துண்டுகளையும் கட்டிக்கொண்டு போனார். எந்த விமான நிலையத்தில் இறங்கி எந்தப் பலகையைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்த தாளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பேத்தி பிறந்தாள். அத்தை சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்த மாதங்களில் மாமா தனியாகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். சாமான்களை ஏற்றிய வண்டி கிளம்பும்போது, கொய்யா மரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றவரை அம்மா கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். பிறகு மாமா டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். ஓய்வூதியப் பணத்தையெல்லாம் வீட்டில் போடாதீர்கள், வாடகைக்கு இருந்தால் போதும் என்று அப்பா சொன்னார். மாமா கேட்கவில்லை.

“எம் பேர்ல ஒரு வூடு இருந்தாவணும். அடுத்த தடவை கேட்டா காட்டணும்ல?”

அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். இரண்டு அறை, ஒரு கூடம், தளம் போட்ட கூரை. மனிதர்கள் குடியிருக்க வீடு கட்டுவார்கள். மாமா திரும்பி வருவேன் என்று ஒருவரிடம் காட்டுவதற்காகக் கட்டினார்.

அதைக் காட்ட வேண்டிய நாள் நாங்கள் யாரும் விரும்பாத விதத்தில் வந்தது. பேத்திக்கு மூன்று வயது நடக்கும்போது அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அத்தையிடம் பழைய விசா இருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். மாமா மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை ஒத்திகை பார்த்தோம். அக்காதான் ஏற்பாடு செய்தார். வடக்குத்து வீட்டுக் கூடத்தில் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நான் செல்போனைப் பிடித்துக்கொள்வேன். திரையில் அக்கா, முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, விசா அதிகாரி மாதிரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்பார்.

“டூ யூ ஹேவ் எ ஹவுஸ்?”

“எஸ் மேடம். வடக்குத்து. டூ ரூம், ஒன் ஹால்.”

“அப்பா, சிரிக்காம சொல்லுங்க. ஹவ் லாங் வில் யூ ஸ்டே?”

மாமா என் கையிலிருந்த திரையை உற்றுப் பார்த்தார்.

“மூணு வாரம்னு சொல்லுங்கப்பா.”

“மூணு வாரத்துல உனக்கு சரியாயிடுமா?”

“அதெல்லாம் அவங்ககிட்ட கேக்கக் கூடாது. மூணு வாரம். சொல்லுங்க.”

“த்ரீ வீக்ஸ் மேடம்.”

“இப்படி அழற மாதிரி சொன்னா குடுக்க மாட்டாங்கப்பா. கொஞ்சம் வேண்டா வெறுப்பா சொல்லுங்க. போயிட்டு உடனே வரணும், ஊர்ல தலைக்கு மேல வேலை கிடக்குது, அந்த மாதிரி. நீ சொல்லிக் குடுடி,” என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். “பொண்ணு மேல பாசமே இல்லாத அப்பா மாதிரி நடிக்கணும். இவரால முடியுமா பாரு.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். அக்காவுக்குச் சிரித்ததில் இருமல் வந்தது. பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: “அதெல்லாம் நல்லா வரும் அவருக்கு. என்கிட்ட முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான நடிக்கிறாரு.”

மாமாவுக்கு விசா கிடைத்தது. இந்த முறை நான் வேலையில் இருந்ததால் கூடப் போகவில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “கைய வீசிகினு வந்தேம்மா,” என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அங்கே நடந்ததை அத்தை சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். மாமா தினமும் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வெயில் விழும் ஜன்னலருகே விடுவாராம். பேத்திக்குச் சோறு ஊட்டக் கற்றுக்கொண்டாராம். மூன்றாவது வாரம் மருத்துவர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாமா பெட்டியை அடுக்கத் தொடங்கினார்.

அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு, “போகாதீங்கப்பா,” என்று நேராகவே கேட்டார். மருமகன் பாஸ்போர்ட்டைப் பிரித்து, விமான நிலையத்தில் குத்திய முத்திரையைக் காட்டினார். ஆறு மாதம் இருக்கலாம் என்று அதிலேயே போட்டிருந்தது.

“முத்திரை அவங்க குத்துனது,” என்றாராம் மாமா. “மூணு வாரம்னு சொன்னது நானு.”

அத்தை கத்தியிருக்கிறார். பெத்த பொண்ணு கெஞ்சுறா, இன்னா மனுஷன் நீங்க என்று கேட்டிருக்கிறார். மாமா அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக விளக்கியிருக்கிறார். சொன்ன சொல்லை மீறினால் எங்காவது குறித்து வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு உன் அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் தொந்தரவு வரும். நான் சொன்னபடி போய் இறங்கிவிடுகிறேன். இறங்கிவிட்டால் நம் பேச்சுக்கு மதிப்பு. உடனே மறுபடி கேட்கிறேன். இந்த முறை அதிக நாள் கேட்கிறேன், கொடுப்பார்கள். “ஷிஃப்ட் முடிஞ்சா மெஷின வுட்டு எறங்கிடணும்மா. அடுத்த ஷிஃப்ட்டுக்கு மறுபடி ஏறிக்கலாம்.”

அக்கா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்று வாரம் என்று சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். அத்தை அப்படித்தான் நினைக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

மாமாவை நான் புரிந்துகொள்ள முயன்றிருக்கிறேன். மைன்ஸில் முப்பத்தைந்து வருடம். அந்த யந்திரத்தில் தன் நேரம் முடிந்த பிறகு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கக் கூடாது. மேலதிகாரி எழுதிக்கொடுத்தால் மட்டும் இருக்கலாம். நேரத்துக்கு ஏறி நேரத்துக்கு இறங்குகிறவனுக்குத்தான் கேட்கும்போது லீவும் ஓவர்டைமும் கிடைக்கும். அந்த ஒழுங்கில் வாழ்ந்த மனிதருக்கு, ஜன்னலில் சொன்ன பதில் நடிப்பு என்பது ஒத்திகை வரைக்கும்தான் புரிந்திருக்கிறது. உண்மையான அதிகாரியின் முன் சொன்ன உடனே அது வாக்காகிவிட்டது. பணக்கார நாட்டுக் குடிமகன் ஒருவனுக்கு இந்தப் பயம் வந்திருக்காது. அவன் முத்திரையைப் படித்துவிட்டு இருந்திருப்பான். முதல்முறை உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவருக்குத்தான், இரண்டாம் முறை கிடைத்ததை எந்த நேரமும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தோன்றும்.

நெய்வேலி வந்து சேர்ந்த மறுநாள் காலையில், விமானக் களைப்புகூடத் தீராமல் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பாஸ்போர்ட். “சொன்னபடி வந்துட்டேம்மா. மறுபடி அப்ளை பண்ணு. இந்த வாட்டி ஆறு மாசம் கேளு,” என்றார்.

நான் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. அது பல ஆண்டுகளுக்குச் செல்லும் விசா. எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஜன்னலில் இருந்தவர், மூன்று வாரம் என்று சொன்ன மனிதருக்கு அவ்வளவையும் கொடுத்திருந்தார். நான் அதைச் சொன்னபோது மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை; அத்தைக்குக் கொடுத்த மாதிரி தனக்கும் கொடுத்திருப்பார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை. திரும்பவும் சொன்னேன். “அப்ப,” என்றார், “நான் வந்திருக்கவே வேணாமா?”

உடனே டிக்கெட் பார்த்தேன். கிடைத்த முதல் விமானம் நான்கு நாள் கழித்து. மாமா கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அத்தை போன் செய்தார். மாமாவுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, கோயிலுக்குப் போயிருப்பார், நீ போய்ச் சொல்லு என்றார். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாமா என்னை அந்த நேரத்தில் அங்கே பார்த்ததுமே நின்றுவிட்டார்.

மறுநாள் அதே டிக்கெட்டில் போனார். அவர் வரும்வரை அடக்கத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நாட்டு விமான நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி வழக்கம்போல எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். மாமா தமிழிலேயே சொல்லியிருக்கிறார்: “மண்ணு போடுற வரைக்கும் சார்.” அதிகாரிக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற யாரோ ஒரு தமிழ்ப்பிள்ளை மொழிபெயர்த்திருக்கிறான். அதிகாரி வருத்தம் தெரிவித்துவிட்டு, மறுபடியும் ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திக்கொடுத்தார். மாமா அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் திரும்பிவிட்டார். அத்தை பேத்திக்காகச் சில மாதம் இருந்துவிட்டு வந்தார்.

இப்போது இருவரும் வடக்குத்து வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் ரிட்டையர் ஆகப்போகிறார். நாங்களும் அந்தப் பக்கம் மனை பார்க்கிறோம். மாமாவும் அத்தையும் அந்த மூன்று வாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அத்தை ஒருமுறை மட்டும் என்னிடம், “கோவமெல்லாம் இல்லம்மா. அவரு எப்பவும் டயத்துக்குப் போயி டயத்துக்கு வர்ற மனுஷன். அதுக்காகத்தான எங்கப்பா எனக்குக் கட்டி வச்சாரு,” என்றார்.

இந்தக் கோடையில் மருமகன் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவளுக்கு அக்காவின் நெற்றி. பலாப்பழம் பிடிக்கவில்லை, வீட்டுக் கோழிகளைப் பிடித்துவிட்டது. தாத்தாவின் பின்னாலேயே சுற்றினாள். அவர்கள் கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து, இதுக்குள்ளயா கெளம்பணும், இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே என்று மருமகனிடம் சொன்னார்கள். அத்தையும் சொன்னார். மாமா மட்டும் சொல்லவில்லை. பெட்டிகளை எடுத்து வைத்தார், டிரைவரிடம் வழியில் எங்கே நிறுத்தலாம் என்று பேசினார், பிறகு பேத்தியின் முன்னால் மண்டியிட்டு அவள் செருப்பின் வாரை மாட்டத் தொடங்கினார்.

“தாத்தா, நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க,” என்றாள் அவள்.

“வந்தா எத்தினி நாள் இருக்கட்டும்?”

அவள் யோசித்தாள். “நெறைய நாள்,” என்றாள். பிறகு அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். “எப்பவும்.”

மாமா நிமிர்ந்து காரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்தார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு. அப்படிச் சொன்னா வுட மாட்டாங்க.”

“யாரு?” என்று குழந்தை கேட்டாள். மாமா இன்னொரு செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.